20 சதவீத மழைக்கு மிளகாயை மூடலாமா? குழும வானிலை முன்னறிவிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டக் கரையில் தொண்டி முதல் மூக்கையூர் வரை இப்போது எல்லார் கைப்பேசியிலும் ஒரு வானிலை ஆப் இருக்கிறது. அதில் வரும் சதவீதத்தை எப்படிப் படிப்பது, அது சரியாக வருகிறதா என்று எப்படிப் பார்ப்பது, அதை வைத்து என்ன முடிவு எடுப்பது என்பதுதான் வாட்ஸ்அப் குழுவிலும் டீக்கடையிலும் மாறி மாறி வரும் சந்தேகம். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். கடலுக்குப் போக வேண்டாம் என்று வானிலை மையமோ மீன்வளத் துறையோ சொல்லிவிட்ட நாளில் இந்தப் பக்கத்துக்கு வேலை இல்லை. அன்று கரையில் இருப்பதுதான் முடிவு.

"என்செம்பிள்னு சொல்றாங்களே, அது என்ன தம்பி? ஒரே கணக்கை எதுக்கு 50 தடவை போடுறாங்க?"

நாளைய வானிலையைக் கணிக்க இன்றைய காற்று, வெப்பம், ஈரம், அழுத்தம் எல்லாம் தெரிய வேண்டும். நிலத்தில் ஓரளவு தெரியும். வங்கக் கடலின் நடுவில் செயற்கைக்கோளும், சில மிதவைகளும், அந்தப் பக்கம் போகிற கப்பல்களும் சொல்வதுதான் கணக்கு. தொடக்கத்தில் இருக்கும் சின்னப் பிழை நாள் ஆக ஆகப் பெருத்துவிடும் என்று எட்வர்ட் லொரென்ஸ் 1963இல் காட்டினார். அதனால் ஒரே ஓட்டத்தை நம்பாமல், தொடக்க நிலையைப் பிழை இருக்கக்கூடிய அளவுக்குள் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பல ஓட்டங்கள் ஓட்டுகிறார்கள். இதுதான் என்செம்பிள், தமிழில் குழும முன்னறிவிப்பு.

1992 டிசம்பரில் ஐரோப்பிய வானிலை மையமும் அமெரிக்க வானிலை மையமும் இதை அன்றாட வேலையாக்கின. இன்று ஐரோப்பிய மையம் 51 ஓட்டங்கள் ஓட்டுகிறது. ஜிஇஎஃப்எஸ் என்ற அமெரிக்கக் குழுமத்தில் 31. நம் நாட்டில் 2018 ஜூனில், வரைபடத்தை 12 கி.மீ. கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடும் குழுமம் தொடங்கியது. 51இல் 10 ஓட்டம் மழை காட்டினால் ஏறக்குறைய 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில ஆப்கள் அதன்மேல் தங்கள் திருத்தத்தையும் போடும்.

"30 சதவீதம் மழைன்னா ஜில்லாவுல 30 சதவீத இடத்துல பெய்யுமா, இல்ல நாள்ல 30 சதவீத நேரம் பெய்யுமா?"

இரண்டும் இல்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த ஊரில், அந்த நாளில் அல்லது அந்த ஆறு மணி நேரத்தில், குறிப்பிட்ட அளவுக்கு மேல் மழை பெய்ய 30 சதவீத வாய்ப்பு. எந்த ஊர், எந்த நேரம், எந்த அளவு என்ற மூன்றும் தெரியாத சதவீதத்துக்குப் பொருளே இல்லை. சில ஆப்கள் தூறலையும் மழையாக எண்ணும். நம் வானிலைத் துறைக்கு 2.5 மி.மீ. பெய்தால்தான் அது மழை நாள்.

"ரேடியோவுல 'ஓரிரு இடங்களில் மழை'ன்னு சொல்றாங்க. அது எத்தனை சதவீதம்?"

அது வாய்ப்பு அல்ல, பரப்பு. மாவட்டத்தில் உள்ள மழை அளக்கும் நிலையங்களில் கால்வாசி வரை மழை பதிவானால் 'ஓரிரு இடங்களில்'. அதற்கு மேல் பாதி வரை 'ஒருசில இடங்களில்', முக்கால்வாசி வரை 'அநேக இடங்களில்', அதற்கும் மேல் 'பெரும்பாலான இடங்களில்'. மண்டபத்தில் வெயில் காய, பரமக்குடியில் கொட்டினாலும் அந்த அறிவிப்பு பலித்ததாகத்தான் கணக்கு. மண்டபத்துக்காரர் ஏன் திட்டுகிறார் என்பது புரிகிறது.

"20 சதவீதம்னு போட்டிருந்துச்சு, கொட்டித் தீத்துருச்சு. அப்ப அது தப்புதானே?"

அந்த ஒரு நாளை வைத்துச் சொல்ல முடியாது. 20 சதவீதம் என்று சொன்ன நாட்களையெல்லாம் தனியாக எடுத்து வையுங்கள். அவற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு நாள் மழை பெய்திருந்தால் அந்த முன்னறிவிப்பு சொன்ன சொல் காப்பாற்றியது. உங்களைக் கொட்டித் தீர்த்த நாள் அந்த ஐந்தில் ஒன்றாக இருக்கலாம். பாதி நாள் பெய்திருந்தால்தான் தப்பு. ஒரு நாள்கூடப் பெய்யாவிட்டாலும் தப்புதான். அதை யாரும் புகாராகச் சொல்வதில்லை.

"அப்ப எதைச் சொன்னாலும் தப்பிச்சுக்கலாம்ல? எப்பவும் 30 சதவீதம்னே சொல்லிட்டா?"

சரியான கேள்வி. நம் மாவட்டத்தில் ஆண்டுக்கு 800 மி.மீ. சொச்சம் மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடும். பழைய பதிவேடுகளைப் பார்த்து, நவம்பரில் இத்தனை நாளுக்கு ஒரு நாள் மழை என்று கண்டுபிடித்து, நவம்பர் முழுக்க அந்தச் சதவீதத்தையே ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தால், முந்தைய பதிலில் சொன்ன சோதனையில் அவர் தேறிவிடுவார். ஆனால் நாளை மிளகாய் காயும் களத்தை மூடுவதா என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை.

ஆக இரண்டு குணம் வேண்டும். சொன்ன சதவீதத்துக்கும் நடந்ததற்கும் பொருத்தம் வேண்டும். அதை நம்பகம் என்போம். பெய்யப் போகும் நாளுக்கு அதிகமாகவும் பெய்யாத நாளுக்குக் குறைவாகவும் சொல்லும் பகுத்தறியும் திறனும் வேண்டும். மாதச் சராசரியைச் சொல்லும் ஆளைத் தோற்கடிக்க முடியாத ஆப்புக்குக் காசு கொடுப்பது வீண்.

"எங்க ஆப் 95 சதவீதம் துல்லியம்னு விளம்பரம் வருதுண்ணே. நம்பலாமா?"

1884இல் அமெரிக்காவில் ஃபின்லி என்பவர் டொர்னேடோ என்ற சுழல்காற்று வருமா வராதா என்று 2,803 முன்னறிவிப்புகள் கொடுத்துவிட்டு, 96.6 சதவீதம் சரி என்றார். எதையுமே பார்க்காமல் "வராது, வராது" என்றே சொல்லியிருந்தால் 98.2 சதவீதம் சரியாக இருந்திருக்கும் என்று மற்றவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அபூர்வமாக நடப்பதில் 'வராது' என்று சொல்பவன் எப்போதும் ஜெயிப்பான். கமுதியில் மே மாதம் முழுக்க "நாளை மழை இல்லை" என்று சொல்லி நானும் பெரிய துல்லியம் காட்டலாம்.

"சரி, நானே நோட்டுப் போட்டுப் பாக்குறேன். எப்படி எழுதணும்?"

நான்கு பத்தி போதும்: தேதி, முந்தின நாள் மாலை சொன்ன சதவீதம், பெய்ததா (1 அல்லது 0), பிழையின் வர்க்கம். சதவீதத்தைப் பின்னமாக்கி, நடந்ததிலிருந்து கழித்து, வந்ததை அதாலேயே பெருக்க வேண்டும். க்ளென் பிரையர் 1950இல் சொன்ன கணக்கு இது. குறைய வந்தால் நல்லது; பூச்சியம் என்றால் அப்பழுக்கற்றது.

கற்பனையாக ஐந்து நாள் எடுப்போம். 70 சொன்னது, பெய்தது: 0.09. 10 சொன்னது, பெய்யவில்லை: 0.01. 40 சொன்னது, பெய்தது: 0.36. 20 சொன்னது, பெய்யவில்லை: 0.04. 90 சொன்னது, பெய்யவில்லை: 0.81. கூட்டி ஐந்தால் வகுத்தால் 0.262. ஐந்தில் இரண்டு நாள் மழை என்பதால், தினமும் 40 என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவருக்கு 0.24. அவரே ஜெயித்துவிட்டார்! காரணம் அந்த ஒரே 90தான். அங்கே 60 என்று அடக்கிச் சொல்லியிருந்தால் 0.81 போய் 0.36 வந்து, மொத்தம் 0.172 ஆகியிருக்கும். அளவுக்கு மீறிய உறுதியை இந்தக் கணக்கு கடுமையாகத் தண்டிக்கிறது, அதனால்தான் எனக்குப் பிடிக்கும்.

இரண்டு எச்சரிக்கை. ஐந்து நாளில் ஒன்றும் தெரியாது. ஒரு வடகிழக்குப் பருவம் முழுக்கவாவது எழுதுங்கள். அப்புறம், வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30க்கு முடிகிறது, ஆப்பின் நாள் நள்ளிரவில் தொடங்கும். விடியற்காலை 3 மணி மழையை எந்தத் தேதியில் எழுதுவது என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். பாதியில் மாற்றினால் நோட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

"கோடெல்லாம் ஒண்ணாச் சேந்து போனா உறுதின்னு எடுத்துக்கலாமா?"

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு கோடு போட்ட படத்தைக் கேட்கிறீர்கள். கோடுகள் ஒட்டிப் போனால் பெரும்பாலும் நம்பிக்கை கூடும். உறுதி என்று சொல்ல மாட்டேன். எல்லா ஓட்டங்களும் ஒரே கணினி மாதிரியிலிருந்து, அதாவது ஒரே மாடலிலிருந்து, வந்தவை. அந்த மாதிரிக்கே ஒரு குறை இருந்தால் 51ம் ஒற்றுமையாகத் தப்பு செய்யும். தரைமட்டக் காற்றிலும் மழையிலும் ஓட்டங்களின் சிதறல் தேவையைவிடக் குறுகலாகவே இருப்பது பழைய நோய். சோதிக்க ஒரு வழி: 51 ஓட்டங்களின் மிகக் குறைந்த காற்றுக்கும் கீழேயோ மிக அதிகக் காற்றுக்கும் மேலேயோ நிஜக் காற்று போவது 52இல் 2 முறைதான் நடக்க வேண்டும், அதாவது சுமார் 4 சதவீதம். அதைவிட அடிக்கடி நடந்தால் அந்தக் குழுமம் தனக்குத் தெரிந்ததைவிட அதிகம் தெரிந்ததுபோலப் பேசுகிறது.

நம் கரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐரோப்பியக் குழுமத்தின் கட்டம் சுமார் 9 கி.மீ. தனுஷ்கோடி மணல்திட்டு அதற்குக் கடல்தான். ஒரே கட்டத்தில் பாதி நிலம், பாதி கடல் வரும் இடங்களில் கடல்மேல் அடிக்கும் காற்றைக் குறைத்தே காட்டலாம். கரையோரப் புள்ளியை விட்டுக் கொஞ்சம் கடலுக்குள் தள்ளி ஒரு புள்ளியையும் வைத்துப் பாருங்கள்.

"ரெண்டு மூணு ஆப் பாத்துச் சராசரி எடுத்தா நல்லதுதானே?"

வெவ்வேறு மையங்களின் கணக்கைச் சேர்த்தால் பெரும்பாலும் மேம்படும். ஆனால் பல ஆப்களுக்கு மூலம் ஒன்றே. ஜிஇஎஃப்எஸ்ஸை மூன்று நிறத்தில் பார்த்துவிட்டு மூன்று பேர் சொல்கிறார்கள் என்று நினைக்கக் கூடாது. அமைப்புப் பக்கத்தில் மாதிரியின் பெயர் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

புயல் பாதையில் சராசரி ஆபத்து. பாதி ஓட்டங்கள் வேதாரண்யம் பக்கம், பாதி ஓட்டங்கள் மன்னார் வளைகுடா வழியாகத் தூத்துக்குடி பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரிக் கோடு தொண்டிமேல் போகும், ஒரு ஓட்டம்கூடப் போகாத இடத்தில். அப்போது பார்க்க வேண்டியது இரண்டு கூட்டங்களையும் தனித்தனியாகத்தான்.

"புரெவி நேரா நம்ம மேலதான் வருதுன்னாங்க. கடைசில கடல்லயே நின்னு செத்துப் போச்சு. இத்தனை கம்ப்யூட்டர் வச்சு என்ன பிரயோசனம் சார்?"

2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே இலங்கையைக் கடந்து, மறுநாள் மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது. பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கரை கடக்கும் என்பது அறிவிப்பு. ஆனால் அது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக வலுவிழந்து, ராமநாதபுரம் கரைக்குப் பக்கத்திலேயே ஏறக்குறைய அசையாமல் நின்று, அங்கேயே கரைந்தது. பெருமழை வாங்கியது சிதம்பரம் பக்கம்.

புயலைத் தள்ளிக்கொண்டு போகும் மேல்மட்டக் காற்று ஓய்ந்துவிட்டால், எங்கே போகும் என்பதைவிட எப்போது நகரும் என்பதே பெரிய சந்தேகம். புயல் பாதைப் படத்தில் விரியும் கூம்பு அதைக் காட்டாது. வானிலைத் துறையின் கூம்பு கடந்த ஆண்டுகளின் சராசரிப் பிழையை வைத்து வரையப்படுவது. இந்தப் புயலின் குழுமம் எவ்வளவு சிதறியிருக்கிறது என்பது அதில் இல்லை. அதோடு அது புயலின் மையம் இருக்கக்கூடிய இடத்தை மட்டும் காட்டும். மழை கூம்புக்கு வெளியேயும் கொட்டும். அந்த வாரம் சிதம்பரத்துக்குத் தெரியும்.

"2024 நவம்பர்ல ராமேஸ்வரம் மிதந்துச்சே. அதை முந்தின நாளே ஏன் சொல்ல முடியல?"

அந்த நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. 20 செ.மீ. தாண்டினாலே 'அதி கனமழை' என்று வகைப்படுத்துகிறோம்; அன்று பெய்தது அதைப்போல இரண்டு மடங்கு. ஒரு சின்ன மேகக்கூட்டம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழும்பிப் பெய்தால்தான் இப்படி ஆகும். அந்தக் கூட்டம் 9 கி.மீ., 12 கி.மீ. கட்டத்துக்குள் அடங்கிவிடும். தென் கரையோரத்தில் கனமழைச் சூழல் இருக்கிறது என்பதைக் குழுமத்தால் சொல்ல முடியும். ராமேஸ்வரமா, தொண்டியா, கீழக்கரையா என்பதை முந்தின நாள் சொல்வது அதன் சக்திக்கு மீறியது.

அதற்கு ரேடார்தான் கதி. காரைக்கால் ரேடார் ராமேஸ்வரத்திலிருந்து ஏறக்குறைய 190 கி.மீ. பூமியின் வளைவால் அதன் கதிர் இங்கே வரும்போது 3 கி.மீ.க்கு மேல் உயரத்தில் போகிறது. அதற்குக் கீழே நடப்பது அதற்குத் தெரியாது. இரண்டு மூன்று மணி நேர எச்சரிக்கை கிடைத்தால் அதையே பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

"எத்தனை சதவீதம் இருந்தா களத்துல கிடக்குற மிளகாயை மூடணும்? ஒரே நம்பராச் சொல்லுங்க."

ஒரே நம்பர் கிடையாது. அது உங்கள் களத்தில் இருக்கிறது. மூட ஆகும் செலவை, மூடாமல் நனைந்தால் வரும் நட்டத்தால் வகுங்கள். கூலியும் தார்ப்பாய் வாடகையும் 500 ரூபாய், முண்டு மிளகாய் நனைந்து கறுத்து விலை இறங்கினால் 5,000 ரூபாய் நட்டம் என்றால், 500ஐ 5,000ஆல் வகுக்க 10 சதவீதம். முன்னறிவிப்பு அதற்கு மேல் இருந்தால் மூடுங்கள், கீழே இருந்தால் விடுங்கள். சிமென்ட் களமும் சொந்தத் தார்ப்பாயும் உள்ளவருக்குச் செலவு 100 ரூபாய்தான் என்றால் 2 சதவீதத்திலேயே மூடலாம். வண்டி பிடித்துக் கிட்டங்கிக்கு ஏற்றினால்தான் காப்பாற்ற முடியும், அதற்கு 2,000 ரூபாய் என்றால் அவர் 40 சதவீதம் வரை காத்திருப்பார். நாளைக்கு 20 சதவீதம் என்று வந்தால் முதல் இருவரும் மூடுவார்கள், மூன்றாமவர் மூடமாட்டார். மூவரும் சரி.

இதில் நட்டம் என்பது மூடுவதால் தப்பிக்கும் நட்டம் மட்டும். தார்ப்பாய் ஓட்டை, மூடினாலும் பாதி நனையும் என்றால், 500ஐ 2,500ஆல் வகுங்கள், 20 சதவீதம். இன்னொன்று, மூட ஒரு மணி நேரம் போதும் என்பவர் முந்தின நாளே முடிவெடுக்க வேண்டியதில்லை. மதியம் வரை காயவிட்டு ரேடாரைப் பார்க்கலாம். வாலிநோக்கம் உப்பளத்தில் அந்த வசதி இல்லை. பாத்தியில் விளைந்த உப்பை வாரி அம்பாரம் போட்டு மூட ஆளும் நாளும் வேண்டும். அங்கே மூன்று நாளைக்கு முந்தைய சதவீதம்தான் காசு.

இந்தக் கணக்கு பலிக்க, அந்தச் சதவீதம் நோட்டில் தேறியிருக்க வேண்டும். 10 என்று சொல்லிவிட்டு 30க்குப் பெய்கிற ஆப்பை வைத்து வகுத்தல் போட்டால் நட்டம்தான்.

"அதே கணக்கைக் கடலுக்குப் போட்டா?"

உயிரை ரூபாயில் எழுதி வகுத்தால் எந்தச் சதவீதமும் அதிகம்தான். அதனால் வகுத்தலை விட்டுவிட்டு, உங்கள் படகு தாங்காத காற்று எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். "மணிக்கு 35 முதல் 45 கி.மீ., இடையிடையே 55 கி.மீ." என்ற அறிவிப்பு விசைப்படகுக்கு ஒன்று, வல்லத்துக்கும் ஃபைபர் படகுக்கும் வேறொன்று. அந்த எல்லையைச் சில ஓட்டங்கள் தொட்டாலே நாட்டுப்படகு போகக் கூடாது என்பது என் கருத்து. குழுமத்தின் நடுக்கோட்டைப் பார்க்காதீர்கள். மோசமான நாலைந்து ஓட்டங்களைப் பாருங்கள்.

காற்றின் திசையும் சேரும். வாடைக் காலத்தில் ஆழம் குறைந்த வடகடல், அதாவது பாக் விரிகுடா, குட்டை அலையாகக் கொந்தளிக்கும். தென்மேற்குப் பருவத்தில் கச்சான் காற்று அடிக்கும்போது தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, பொல்லாதது. பாம்பன்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் ஆப்பில் 'ராமேஸ்வரம்' என்று ஒரே புள்ளி வைத்திருப்பவர்கள் பலர். இரண்டு கடலுக்கும் தனித்தனிப் புள்ளி வையுங்கள். அலைக்கு ஹைதராபாத் இன்காய்ஸ் மையத்தின் கடல்நிலை அறிவிப்பைப் பாருங்கள். எங்கோ தெற்கே கிளம்பிய பேரலை காற்றே இல்லாத நாளிலும் வரும்.

"பாம்பன்ல கூண்டு ஏத்துன பிறகு சதவீதம் எதுக்கு?"

கூண்டு துறைமுகத்துக்கும் கப்பலுக்கும் உரிய குறி. 1, 2 தூரத்து எச்சரிக்கை. 3, 4 துறைமுகத்துக்கே. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது. கூண்டு ஏறுவது அபாயத்தின் வகையைச் சொல்லும். படகை எத்தனை மணிக்குள் கரையேற்ற வேண்டும், வலையை எங்கே வைப்பது என்பதற்கெல்லாம் மேலே சொன்ன சிதறல்தான் உதவும்.

"புழுதி விதைப்புக்கு ரெண்டு வாரம் தாண்டிச் சொல்றதை நம்பலாமா?"

எந்தத் தேதியில் மழை என்பதை நம்பாதீர்கள். வாரக் கூட்டுத்தொகை வழக்கத்தைவிடக் கூடுமா குறையுமா என்பதில் கொஞ்சம் சரக்கு இருக்கும். வானிலைத் துறை வியாழக்கிழமைதோறும் அடுத்த நான்கு வாரத்துக்கு அதை வெளியிடுகிறது. மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைப்பவருக்கு ஆபத்து முதல் மழை தாமதமாவதில் இல்லை. விதை மண்ணுக்குள் காத்திருக்கும். ஒரு மழைக்கு முளைத்துவிட்டு, பிறகு இரண்டு வாரம் காய்வதுதான் ஆபத்து. குழுமத்தில் தேட வேண்டியது அந்த இடைவெளியைக் காட்டும் ஓட்டங்கள் எத்தனை என்பதை.

"எங்க அய்யா காத்தைப் பாத்தே சொல்வாரு. இந்தக் கம்ப்யூட்டர் அவருக்கு ஈடாகுமா?"

அவரிடமும் மாலையில் ஒரு சதவீதம் கேட்டு, அதே நோட்டில் ஐந்தாவது பத்தியாக எழுதுங்கள். அன்றைய பொழுதுக்கு அவர் ஜெயித்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். மூன்றாம் நாளுக்கு ஜெயித்தால் எனக்கும் அறிமுகப்படுத்துங்கள்.

"டோக்கன் குடுக்காம நிறுத்திட்டாங்க. காத்தே அடிக்கல. ஐஸ் காசும் போச்சு. இந்த நட்டத்தை யாரு எழுதுறது?"

மிளகாய்க் கணக்கைத் திரும்பப் பாருங்கள். கடலுக்குப் போக டோக்கன் என்ற அனுமதிச் சீட்டைத் தரும் மீன்வளத் துறை அதிகாரிக்கு நிறுத்துவதில் கைச்செலவு இல்லை. நிறுத்தாமல் விட்டு ஆள் போனால் தாங்க முடியாத நட்டம். 2017இல் ஒக்கிப் புயலில் குமரி மீனவர்கள் நடுக்கடலில் சிக்கியதற்குப் பிறகு யாரும் அந்தத் துணிச்சலை எடுக்க மாட்டார்கள். எடுக்கவும் கூடாது. 20 சதவீதத்திலேயே நிறுத்துவது என்று முடிவு செய்தால், சதவீதம் நேர்மையாக இருக்கும்பட்சத்தில், 20 என்று வந்த நாட்களில் ஐந்தில் நான்கு தடவை காற்று அடிக்காது. அது முன்னறிவிப்பின் தோல்வி அல்ல. அந்த எல்லையைத் தேர்ந்தெடுத்தபோதே ஒப்புக்கொண்ட விலை.

அந்த விலையை இப்போது படகுக்காரரும் பங்காளிகளும் மட்டும் கட்டுகிறார்கள், அதுதான் அநியாயம். டீசலும் ஐஸும் ஏற்றிய பிறகு விடியற்காலையில் 'இல்லை' என்பதற்குப் பதில், முந்தின நாள் மாலையே "தென்கடலில் 55 கி.மீ. தாண்ட இத்தனை சதவீதம், காலையில் நிறுத்த வாய்ப்பு உண்டு" என்று சொல்லிவிட்டால் ஐஸ் காசாவது மிஞ்சும். அந்தச் சதவீதம் மையங்களின் கையில் ஏற்கெனவே இருக்கிறது. சங்கக் கூட்டத்தில் கேட்க வேண்டியது தடையை நீக்குவதை அல்ல, அந்த எண்ணை மாலை 4 மணிக்கு இறங்குதளத்துப் பலகையில் எழுதுவதை.